45,000 ரூபாய்க்குள் காலேஜ் பிசி: கடையில் கொடுத்த ரெண்டு கொட்டேஷன், எது சரி?

நிலா_பாலக்கோடு:

எல்லாருக்கும் வணக்கம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். வீடு பாலக்கோடு பக்கம், தினமும் தர்மபுரி போய்ட்டு வர்றேன். வீட்டுல வெச்சுக்க ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணணும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். ஆயிரம் ரெண்டாயிரம் கூடினா சமாளிக்கலாம், அதுக்கு மேல வழியில்லை.

ஜாவா, பைத்தான், விஎஸ் கோடு இதுதான் இப்போதைக்கு. அடுத்த செமஸ்டர்ல ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வருது. கொஞ்சம் வீடியோ எடிட்டிங். தம்பி வேலரன்ட் கேம் ஓடுமான்னு கேக்குறான், ஓடுனா நல்லது.

தர்மபுரியில ரெண்டு கடையில கேட்டேன்.

முதல் கடை: ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ். மொத்தம் 26,500.

ரெண்டாவது கடை: ரைசன் 5 5500 ப்ராசஸர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கேபினட் வித் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 22 இன்ச் மானிட்டர். மொத்தம் 39,800.

ஐ7-ன்னு போட்டும் 13,000 கம்மியா இருக்கே, கிராபிக்ஸ் கார்டும் தர்றாங்களே, அதையே எடுக்கலாமா? இன்னொண்ணு, எங்க ஊர்ல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இறங்கிடும். ஸ்டெபிலைசர் போடணுமா, யூபிஎஸ் போதுமா? பார்ட்ஸ் தனியா வாங்கி நானே மாட்ட முடியுமா?


தகடூரான்:

நிலா, ரெண்டுமே வேண்டாம்மா. ரெண்டுலயும் எழுதாம விட்ட விஷயத்துலதான் சிக்கல் இருக்கு.

முதல் கொட்டேஷன். "ஐ7" ப்ராசஸரோட பேர் இல்லை, குடும்பப் பேர். 2011-ல வந்த ஐ7 2600-ம் ஐ7தான், ஐ7 14700-ம் ஐ7தான். நடுவுல பன்னெண்டு தலைமுறை ஓடிப்போச்சு. 26,500 ரூபாய்க்கு மானிட்டரோட சேர்த்து ஐ7 தர்றாங்கன்னா அது ரெண்டாவது, மூணாவது தலைமுறை, மிஞ்சிப் போனா நாலாவது. கம்பெனி ஆபீஸ்ல இருந்து கழிச்ச ப்ராசஸரை எச்61 இல்லைன்னா எச்81 போர்டுல போட்டுக் கொடுப்பாங்க. போர்டு பெட்டி புதுசா பளபளன்னு இருக்கும், உள்ள இருக்கிற வடிவமைப்பு பத்து வருஷத்துக்கு மேல பழசு.

அதுல உனக்கு என்ன இடிக்கும்னா: ராம் டிடிஆர்3. நாளைக்கு வேற எந்த போர்டுக்கும் அதை மாத்திப் போட முடியாது. எச்61 சிப்செட்ல சாட்டா (எஸ்எஸ்டியை போர்டோட இணைக்கிற லைன்) வேகம் 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டி போட்டாலும் அதோட பாதி வேகம்தான் கிடைக்கும். எல்லாத்துக்கும் மேல, விண்டோஸ் 11-க்கு இன்டெல்னா எட்டாவது தலைமுறையில இருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஒத்துக்குது, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. குறுக்கு வழியில 11-ஐ ஏத்தித் தருவாங்க, ஆனா வேலரன்ட்டோட வேன்கார்டு (ஏமாத்தி ஆடுறதைத் தடுக்கிற மென்பொருள்) விண்டோஸ் 11-ல டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் ஏத்த விடுற பயாஸ் அமைப்பு) இல்லைன்னா கேமைத் திறக்கவே விடாது.

அந்த "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" எதுன்னு கேளு. ஜிடி 610, ஜிடி 710 இந்த ரகமாத்தான் இருக்கும். நான் கீழே சொல்ற ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற கிராபிக்ஸ் அதைவிட எவ்வளவோ வேகம். 2 ஜிபிங்கிறது மெமரி அளவு. வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

ரெண்டாவது கொட்டேஷன் இன்னும் ஆபத்து, ஏன்னா பார்க்க சரியா இருக்கு. ரைசன் 5 5500-ல கிராபிக்ஸ் கிடையாது. அந்தப் பட்டியல்ல கிராபிக்ஸ் கார்டும் இல்லை. ஏ520 போர்டு பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், கேபிள் சொருகுவ, ஃபேன் சுத்தும், மானிட்டர்ல "நோ சிக்னல்"னு நிக்கும். போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ ப்ராசஸருக்குள்ள கிராபிக்ஸ் இருந்தாத்தான் வேலை செய்யும். வீட்டுக்குக் கொண்டு போனப்புறம் கடைக்காரர் "ஒரு கார்டு போட்டாப் போதும்"னு இன்னும் அஞ்சாயிரம் கேட்பார். தெரிஞ்சு செய்றாங்களா தெரியாம செய்றாங்களாங்கிறது நமக்கு வேண்டாம், எழுத்தைப் பார்த்து வாங்கு. ஏஎம்4 சாக்கெட்ல (இந்த ரைசன் ப்ராசஸர் போர்டுல உக்கார்ற இடம்) நீ தேடவேண்டியது கடைசியில "ஜி" எழுத்து: 5600ஜி. இன்டெல்ல கடைசியில "எஃப்" எழுத்து இருக்கக் கூடாது: 12100 சரி, 12100எஃப்-க்கு தனி கார்டு வேணும்.

என் யோசனை ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், உள்ளயே வேகா 7 கிராபிக்ஸ், 65 வாட். பெட்டியோட வாங்கு, ரெய்த் ஸ்டெல்த் கூலர் உள்ளயே வரும். "டிரே" ப்ராசஸர்னு ஆயிரம் ரூபாய் கம்மியா சொல்வாங்க. அதுல கூலர் இருக்காது, கம்பெனி வாரன்டியும் இருக்காது, கடை வாரன்டிதான்.

ராம் ஒரே 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி ரெண்டு வாங்கு. இது கண்டிப்பா. உள்கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, இதே ராமைத்தான் எடுத்துக்கும். டிடிஆர்4 3200-ல ஒரு ஸ்டிக் செகண்டுக்கு 25.6 ஜிபிதான் கடத்தும், ரெண்டு ஸ்டிக் போட்டா 51.2. விஎஸ் கோடுல உனக்கு வித்தியாசம் தெரியாது. கேம்லயும் வீடியோ எடிட்டிங்லயும் முதல் நாளே தெரியும்.

ராம் விலை 2025 கடைசியில இருந்து ஏறிக்கிடக்கு, ஏஐ சர்வர் மெமரி பக்கம் உற்பத்தி திரும்பினதுதான் காரணம். அதனால 32 பத்தி இப்போ யோசிக்காதே. விலை ரொம்ப உதைச்சா ஒரு 8 ஜிபி-யோட ஆரம்பிக்கலாம்னு தோணும், அது வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டரோட (கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுற போலி போன்) சேர்ந்து 8-ஐ முழுசா விழுங்கிடும். செகண்ட்ஹேண்ட்ல நம்பி வாங்கக்கூடிய பார்ட் ராம் ஒண்ணுதான். மெம்டெஸ்ட்86-ங்கிற ராம் சோதனை புரோகிராமை பென்டிரைவ்ல போட்டு நாலு பாஸ் முழுசா ஓட விடு, ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒண்ணு வந்தாலும் திருப்பிக் கொடு. எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் செகண்ட்ஹேண்ட் வேண்டவே வேண்டாம்.

கடைசியா அந்த "கேபினட் வித் 450 வாட் எஸ்எம்பிஎஸ்". கேபினட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படி. மேல பெருசா 450ன்னு இருக்கும். கீழே ஒரு கட்டம் இருக்கும், அதுல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாரு. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடறது பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ல 36 ஆம்பியர் அளவுக்கு இருக்கும்: 12 × 36 = 432 வாட். இலவச ரகத்துல 16 ஆம்பியர்னு இருக்கும்: 192 வாட். மிச்ச வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் லைன்ல கணக்குக்காக எழுதினது. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீரா இழுக்கிற சர்க்யூட்), சிபியு பவருக்கு 4+4 பின், இந்த மூணும் பார்த்து தனியா வாங்கு. கையில தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும்.


ஓசூர்_வேலு:

தகடூரான் சொன்னதுல எஸ்எம்பிஎஸ், ராம் ரெண்டுலயும் மறுப்பே இல்லை. ப்ராசஸர்ல மட்டும் எனக்கு வேற கருத்து.

முதல் வேலை கோடிங்னா ஐ3 12100-ஐயும் பாருங்க. 4 கோர், 8 த்ரெட்தான், ஆனா ஒத்தைக் கோர் வேகம் 5600ஜி-யைவிட அதிகம். விஎஸ் கோடு திறக்கிறது, பிரவுசர், சின்ன ஜாவா புரோகிராம் எல்லாத்துலயும் அந்த வேகம்தான் கைக்குத் தெரியும். எச்610 டிடிஆர்4 போர்டு போதும். பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கிற ஆரம்ப மென்பொருள்) அப்டேட் பண்ணிக்கிட்டா அதே போர்டுல 13, 14-வது தலைமுறை ஐ5 வரைக்கும் பின்னாடி ஏத்தலாம். ரெண்டு வருஷம் கழிச்சு கிராபிக்ஸ் கார்டு போட நினைச்சா பிசிஐ 4.0 (கார்டு போர்டோட பேசுற லைன்) இருக்கு. 5600ஜி-யில 3.0தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன் (டேட்டா போற பாதை) உள்ள கார்டை 3.0-ல போட்டா நல்லாவே வேகம் குறையும்.

குறை என்னன்னா யுஎச்டி 730 கிராபிக்ஸ் வேகா 7 பக்கத்துல வராது. தம்பி விளையாடணும்னா 5600ஜி, விளையாட்டு இல்லவே இல்லைன்னா 12100.


தகடூரான்:

வேலு சொல்ற ஒத்தைக் கோர் வேகம் உண்மைதான். ஆனா ஆண்ட்ராய்டு பில்டு ஓடுறப்போ கிரேடில் (ஆப்பைக் கட்டித் தர்ற கருவி) எல்லாக் கோரையும் இழுக்கும், எமுலேட்டர் பக்கத்துல தனியா ரெண்டு மூணு கோர் கேக்கும். வீடியோ எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான். அங்க 6 கோருக்கு மதிப்பு இருக்கு. கார்டு எப்போ வாங்கப்போறோம்னே தெரியாத மாணவிக்கு இன்னைக்கு உள்ளயே நல்ல கிராபிக்ஸ் இருக்கிறதுதான் பெருசு.


நிலா_பாலக்கோடு:

ரொம்ப நன்றி அண்ணா. 5500 மேட்டர் நீங்க சொல்லலைன்னா பணத்தைக் கட்டியிருப்பேன். நேத்து ஓசூர்ல ஒரு கடையில பார்ட் பார்ட்டா எழுதி வாங்கினேன்:

ரைசன் 5 5600ஜி பெட்டியோட 12,300
பி550எம் போர்டு 8,400
8 ஜிபி டிடிஆர்4 3200 ரெண்டு 9,800
500 ஜிபி என்விஎம்இ 4,900
450 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் 3,100
கேபினட் 2,600
22 இன்ச் மானிட்டர் 7,200
கீபோர்டு, மவுஸ் 800

கூட்டினா 49,100 வருது. எதைக் குறைக்கலாம்? எஸ்எஸ்டியை 256 ஆக்கவா?


தகடூரான்:

எஸ்எஸ்டியைத் தொடாதே. விண்டோஸ், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதோட எஸ்டிகே, ரெண்டு எமுலேட்டர் இமேஜ், ஒரு கேம் போட்டா 256 ஜிபி முக்கால்வாசி போயிடும். எஸ்எஸ்டி நிறைய நிறைய எழுதுற வேகமும் இறங்கும்.

போர்டைக் குறை. பி550-க்கு நீ கொடுக்கிற கூடுதல் காசு பிசிஐ 4.0-க்கும் ஓவர்கிளாக்கிங்குக்கும் (ப்ராசஸரை அதோட அளவுக்கு மேல வேகமா ஓட்டுறது). 5600ஜி-யே 3.0தான் பேசும், அதனால 4.0 உனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஓவர்கிளாக் பண்ணப் போறதில்லை. ஏ520எம் போர்டுல ராமை 3200-ல ஓட்டலாம், எம்.2 என்விஎம்இ ஸ்லாட் இருக்கு, 65 வாட் ப்ராசஸரைத் தாராளமா தாங்கும். பெரும்பாலும் ரெண்டே ராம் ஸ்லாட்தான் இருக்கும், ஆனா ரெண்டு ஸ்டிக் போட அது போதும். ஒரு மூவாயிரம் மிச்சமாகும்.

வாங்கறப்போ ரெண்டு விஷயம் கேட்டுக்கோ. ஏ520 சிப்செட் வந்தது 2020-ல, 5600ஜி அதுக்கப்புறம். கடையில ரொம்ப நாள் தூங்கின போர்டா இருந்தா பயாஸ் பழசா இருந்து ப்ராசஸரை அடையாளம் தெரியாம நிக்கும். பெட்டி மேல "ரைசன் 5000 ரெடி"ங்கிற ஸ்டிக்கர் இருக்கான்னு பாரு. இல்லைன்னா கடையிலயே ப்ராசஸரைப் போட்டு பயாஸ் திரை வரவெச்சுக் காட்டச் சொல்லு, தேவைப்பட்டா அப்டேட் பண்ணித் தரச் சொல்லு. அப்புறம் வைஃபை: இந்த விலையில போர்டுல இருக்காது. வீட்டுக்கு பிராட்பேண்ட் லைன் இருந்தா கேபிள் இழு, இல்லைன்னா முதல்ல போன்ல யுஎஸ்பி டெதரிங் போட்டுச் சமாளி.

மானிட்டர்ல ஐபிஎஸ் பேனல், 1920 × 1080, எச்டிஎம்ஐ இருந்தாப் போதும்.

கேபினட்ல கண்ணாடி, கலர் லைட்டுக்குக் காசு கொடுக்காதே. முன்பக்கம் முழுசும் வலை இருக்கணும், முன்னாடி ஒரு ஃபேன், பின்னாடி ஒரு ஃபேன். நம்ம பக்கம் ஏப்ரல், மே மாசத்துல சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் என்ன சூடுன்னு உனக்கே தெரியும். முன்பக்கம் கண்ணாடி வெச்சு அடைச்ச கேபினட்டுக்குள்ள காத்து போகாது, ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டதும் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். 1,800 ரூபாய்க்கே வலை கேபினட் கிடைக்கும், கேட்டுப் பாரு. தரையில வைக்காதே, செம்மண் தூசி ஒரு மாசத்துல வலையை அடைச்சிடும்.

பில் விஷயம்: கம்ப்யூட்டர் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் இல்லாம கம்மி விலைன்னு சொன்னா வாரன்டியும் இல்லைன்னு அர்த்தம். ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் பில்லுல வரணும், உன் பேர்ல வரணும். எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் வாங்கற கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் சேலத்துலயா பெங்களூர்லயான்னு முதல்லயே தெரிஞ்சுக்கோ. பெங்களூர் எஸ்.பி. ரோடு போய் வாங்கினா விலை கொஞ்சம் இறங்கும், ஆனா ஒரு பார்ட் மக்கர் பண்ணினா திருப்பிக் கொடுக்க மறுபடி ரயில் ஏறணும். போர்டு, ராம் மாதிரி முதல் வாரத்துலயே பல்லைக் காட்டக்கூடிய சாமானை ஓசூர்லயே வாங்கறது நல்லது.


வயர்மேன்_காவேரிப்பட்டணம்:

வோல்டேஜ் கேள்விக்கு யாரும் வரலையே, நான் சொல்றேன் பாப்பா.

ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் 100-ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். சாயங்காலம் பம்பு செட்டெல்லாம் ஓடி 170-க்கு இறங்கினாலும் அது தாங்கிடும். ஸ்டெபிலைசர் வேண்டாம். இலவச எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா பாதி 200-க்குக் கீழே தள்ளாடும், அதுக்குத்தான் ஸ்டெபிலைசர் தேடுவாங்க.

யூபிஎஸ் வேணும். 600 விஏ போதும், அது 360 வாட். உன் சிஸ்டம் முழு வேகத்துல ஓடினாலும் மானிட்டரோட சேர்த்து 150 வாட் தாண்டுறது கஷ்டம். உள்ள இருக்கிறது 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, பத்து நிமிஷம் தரும். ஃபைலை சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண மட்டும்தான் அது. ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி மாத்தணும். வீட்டுல ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தா தனி யூபிஎஸ் வாங்க முன்னாடி அதோட பின்பக்கம் பாரு, "யூபிஎஸ் மோடு"னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதுல வெச்சா மாறுற நேரம் குறையும். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாம முழு லோடுல 16 மில்லிசெகண்டு அளவுக்குத் தாங்கும், அதுக்குள்ள இன்வெர்ட்டர் மாறிட்டா கம்ப்யூட்டர் ஆஃப் ஆகாது. ஆனா ஒண்ணு: யூபிஎஸ் மோடுல வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிடும், உங்க ஊர்ல சாயங்காலம் முழுக்க பேட்டரியிலயே ஓடும். அப்படி இருந்தா தனி யூபிஎஸ் வாங்கிக்கோ. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா அதுல மாட்டாதே, ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் அதுல கரகரன்னு சத்தம் போடும், சிலது ஆஃப் ஆகிடும்.

இதையெல்லாம்விட முக்கியம் எர்த்து. கேபினட்டைக் கையால தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னு நிறையப் பேர் எஸ்எம்பிஎஸ்ஸை மாத்துவாங்க. எஸ்எம்பிஎஸ் மேல குத்தமே இருக்காது. அதுக்குள்ள இரைச்சலை வடிகட்ட பேஸ்ல (கரண்ட் வர்ற கம்பி) இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு சின்னச் சின்ன கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க. எர்த் சரியா இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குள்ள போயிடும். எர்த் இல்லைன்னா பாடியில பாதி வோல்டேஜ், அதாவது 115 சுமாருக்கு நிக்கும். ஆளைக் கொல்லாது, ஆனா எச்டிஎம்ஐ, யுஎஸ்பி போர்ட்டை மெல்ல மெல்ல சாகடிக்கும்.

ஊர் வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர்ல பார்க்கச் சொல்லு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 இருந்தா, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பேஸுக்கும் எர்த்துக்கும் 90, 140ன்னு நிலையில்லாம ஆடினா எர்த் வயர் எங்கயோ அறுந்து தொங்குது. நம்ம பக்கம் பாறை மண்ணு, கோடையில எர்த் குழி காஞ்சு போகும். உப்பும் கரியும் போட்ட குழின்னா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

சில பேர் சுலபமா சுவிட்ச் பெட்டிக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு ஜம்பர் போட்டு விட்டுடுவாங்க. மீட்டர்ல பார்த்தா எல்லாம் சரியாக் காட்டும். கம்பத்துல நியூட்ரல் அறுந்தா அன்னைக்கு கேபினட் முழுக்க 230 வோல்ட் நிக்கும். அப்படி ஜம்பர் இருந்தா உடனே எடுத்துடச் சொல்லு. இதுல விட்டுக்கொடுக்காதே.

கோடை மழைக்கு இடி இடிக்க ஆரம்பிச்சா சுவிட்ச் ஆஃப் பண்றது போதாது, பிளக்கையே பிடுங்கு. பிராட்பேண்ட் கேபிளையும் கழட்டு. போர்டு போறது பாதி நேரம் அந்த கேபிள் வழியாத்தான்.


சித்ரா_அரூர்:

தாராளமா நீயே மாட்டலாம் நிலா. ஒரு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், நல்ல வெளிச்சம், ரெண்டு மணி நேரம் போதும். ஒரே ஒரு விதி: கேபினட்டுக்குள்ள மாட்டறதுக்கு முன்னாடி வெளியில வெச்சு ஓட்டிப் பாரு.

போர்டு வந்த அட்டைப் பெட்டி மேலயே போர்டை வை. சாக்கெட் பக்கத்துல இருக்கிற லீவரைத் தூக்கு. ப்ராசஸரோட ஒரு மூலையில தங்க நிறத்துல சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டுலயும் அதே முக்கோணம் இருக்கும். ரெண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டு வந்து வெச்சா ப்ராசஸர் தானா உள்ள இறங்கும். அழுத்தாதே, அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஏஎம்4-ல பின் எல்லாம் ப்ராசஸருக்கு அடியில இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் வாரன்டி கிடையாது. இறங்கினதும் லீவரை மூடு.

கூலருக்கு வர்றேன். சாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கி மாட்டியிருக்கும். ரெய்த் ஸ்டெல்த்துக்கு அது வேண்டாம், நாலு ஸ்க்ரூவைக் கழட்டி எடுத்துடு. எடுக்கிறப்போ போர்டுக்கு அடியில இருக்கிற தகடு கீழே விழும், ஒரு கையால தாங்கிக்கோ. கூலருக்கு அடியில சாம்பல் நிறத்துல பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும், விரல் படக்கூடாது, தனியா பேஸ்ட் வாங்க வேண்டாம். நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்கா, ஒவ்வொண்ணையும் மூணு நாலு திருகு மட்டும் திருகி, சுத்திச் சுத்தி வந்து இறுக்கு. ஒரு மூலையை முழுசா இறுக்கிட்டு எதிர் மூலைக்குப் போனா கூலர் சாய்ஞ்சு உக்காரும், ஒரு பக்கம் பேஸ்ட் ஒட்டாது. ஃபேன் ஒயரை "சிபியு ஃபேன்"னு எழுதியிருக்கிற பின்னுல மாட்டு.

பின்னாடி எப்பவாவது கூலரைக் கழட்ட நேர்ந்தா நேரா மேலே இழுக்காதே. பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டு ப்ராசஸரையும் சாக்கெட்டோட பிடுங்கிக்கிட்டு வரும். பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட்டி சூடாக்கி ஆஃப் பண்ணு, அப்புறம் கூலரை இடமும் வலமும் லேசா திருகி விடுவிச்சு எடு.

ராம், எம்.2 எஸ்எஸ்டி, 24 பின் பவர், ப்ராசஸருக்கான 8 பின் பவர், எச்டிஎம்ஐ. இவ்வளவுதான் மாட்டணும். பவர் பட்டன் இன்னும் இல்லையே, அதனால போர்டோட கீழ் மூலையில "பவர் எஸ்டபிள்யூ"னு எழுதியிருக்கிற ரெண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு நொடி தொடு. ஓடும். முதல் தடவை ராமைப் பழகிக்க ஒண்ணு ரெண்டு நிமிஷம் திரை கருப்பா இருக்கலாம், பதறி ஆஃப் பண்ணாதே.

பயாஸ் திரை வந்தப்புறம் கேபினட்டுக்குள்ள போ. கேபினட் தகட்டுல பித்தளைக் கால்கள் இருக்கும், போர்டுல எங்க ஓட்டை இருக்கோ அங்க மட்டும் கால் இருக்கணும். ஓட்டை இல்லாத இடத்துல ஒரு கால் மிச்சம் இருந்தா போர்டோட முதுகுல உரசி ஷார்ட் ஆகும். பின்பக்க ஐஓ தகட்டை போர்டுக்கு முன்னாடியே பொருத்திடு, மறந்துட்டா எல்லாத்தையும் மறுபடி கழட்டணும். முன்பக்க யுஎஸ்பி 3.0 பிளக் தடிமனா இருக்கும், நேரா இறக்கு, சாய்ச்சு அழுத்தினா உள்ள பின் வளையும்.

அப்புறம் பயாஸ்ல மூணு வேலை. எக்ஸ்எம்பி இல்லைன்னா டிஓசிபி-ன்னு இருக்கும், அதை ஆன் பண்ணு. இல்லைன்னா 3200 ராம் 2400-லயோ 2666-லயோ ஓடிக்கிட்டு இருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அடுத்து எஸ்விஎம் மோடு. ஏஎம்டி போர்டுல இது பெரும்பாலும் ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணலைன்னா ஆண்ட்ராய்டு எமுலேட்டர் திறக்காது. மூணாவது எஃப்டிபிஎம் (ஏஎம்டி-யோட டிபிஎம்), செக்யூர் பூட் ரெண்டும் ஆன்.

விண்டோஸ் 11 போடுறப்போ இன்டர்நெட் இல்லாம நகராது. போர்டு கம்பெனி தளத்துல இருந்து லேன் டிரைவரை முன்கூட்டியே வேற கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல வெச்சுக்கோ. போட்டு முடிச்சதும் டாஸ்க் மேனேஜர்ல ராம் 16-க்குப் பதிலா 15.4, 13.9ன்னு காட்டினா பயப்படாதே. உள்கிராபிக்ஸுக்கு ஒதுக்கினது போக மிச்சம் அது.


நிலா_பாலக்கோடு:

ஏ520எம் போர்டு 5,300-க்கும் வலை கேபினட் 1,900-க்கும் கிடைச்சுது. மொத்தம் 45,300. எல்லாம் வந்தாச்சு. எர்த்தும் பார்த்தாச்சு அண்ணா, பேஸுக்கும் எர்த்துக்கும் 110தான் காட்டுச்சு. வயர்மேன் நாளைக்குக் குழியைத் தோண்டிப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் பக்கத்து வீட்டுல எர்த் சரியா இருக்கிற பிளக்ல வெச்சு சித்ரா அக்கா சொன்ன மாதிரி பெட்டி மேல வெச்சுப் பார்த்தேன். ஃபேன் சுத்துது, அஞ்சு நிமிஷம் ஆகியும் திரை வரலை.


சித்ரா_அரூர்:

வரிசையா பாரு. ஒவ்வொரு தடவையும் எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத் தொடு.

ஒண்ணு, ப்ராசஸர் பக்கத்துல மேல் மூலையில இருக்கிற 8 பின் பவர். 24 பின்னை மட்டும் மாட்டிட்டு இதை மறந்தா ஃபேன் சுத்தும், வேற எதுவும் நடக்காது. ரெண்டு, எச்டிஎம்ஐ கேபிளோட ரெண்டு முனையும், மானிட்டர்ல இன்புட் எச்டிஎம்ஐ-ல இருக்கான்னும். மூணு, ராம். ரெண்டு ஸ்டிக்கையும் எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் போடு. ஏ520-ல சில போர்டுல ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும், இன்னொரு பக்கம் கொக்கி இல்லாததால உக்காந்துட்ட மாதிரியே தெரியும். அந்தப் பக்கத்தை முதல்ல இறக்கி, கட்டைவிரலால நல்லா அழுத்து. புதுப் போர்டுல நீ நினைக்கிறதைவிட அதிக பலம் வேணும். தங்கப் பட்டை வரிசை ஸ்லாட்டுக்கு மேல கோடு மாதிரி சாய்வாத் தெரிஞ்சா இன்னும் இறங்கலைன்னு அர்த்தம்.


நிலா_பாலக்கோடு:

ராம்தான் அக்கா! கொக்கி இல்லாத பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. அழுத்தினதும் டக்குன்னு சத்தம் வந்துச்சு, பயாஸ் வந்துடுச்சு. ரெண்டு ஸ்டிக்கும் காட்டுது, ஆனா வேகம் 2666ன்னு இருக்கு.


சித்ரா_அரூர்:

எக்ஸ்எம்பி. ஆன் பண்ணி எஃப்10 அழுத்தி சேவ் பண்ணு. ரீஸ்டார்ட் ஆகறப்போ மறுபடி கொஞ்ச நேரம் கருப்பா இருக்கும்.


வயர்மேன்_காவேரிப்பட்டணம்:

110ன்னா எர்த் வயர் குழி வரைக்கும் போகலை பாப்பா. குழியைத் தோண்ட முன்னாடி மெயின் பெட்டியில இருந்து குழிக்குப் போற கம்பியோட ரெண்டு முனை போல்ட்டையும் பார்க்கச் சொல்லு, துரு பிடிச்சு விட்டுப் போயிருக்கும். சுரண்டி இறுக்கினதும் திரும்ப அளந்து எனக்கு எண்ணைச் சொல்லு. அதுவரைக்கும் கம்ப்யூட்டரை வீட்டு பிளக்ல போடாதே.